யன்னல் பலகை ஊறாமல் கத்தரி, மிளகாய்க் கன்று போடும் முறை

ரொறன்ரோவில் கத்தரியும் மிளகாயும் வெளியே நிலத்தில் நிற்கக்கூடிய காலம் மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரைதான். நேரே நிலத்தில் விதை போட்டால் பிஞ்சு பிடிக்கிற நேரம் குளிர் வந்து நிற்கும். ஆகவே மார்ச்சிலேயே வீட்டுக்குள் கன்று போட வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் நல்ல வெயில் விழுகிற இடம் தெற்குப் பார்த்த யன்னல். யூனில் கன்றுகள் தோட்டத்துக்குப் போய்விட, யன்னலின் அடியில் படுக்கையாக இருக்கும் பலகையில் ஊதிப்போன விளிம்பும் உரிந்த பெயின்றும் கீழ்ச்சுவரில் கறுப்புப் புள்ளிகளும் மிஞ்சுகிற வீடுகள் ஏராளம். வாடகை வீடென்றால் அதற்குத் தனிக் கணக்கும் வரும்.

தட்டுத் தவறிக் கொட்டுகிற தண்ணீரால் பலகை பழுதாவது குறைவு. கொட்டினால் கண்ணுக்குத் தெரியும், உடனே துடைத்துவிடுவீர்கள். பழுதாக்குவது தெரியாத தண்ணீர்தான். தட்டுக்கு அடியில் நாட்கணக்காகக் காயாமல் கிடக்கும் ஈரம், இரவில் கண்ணாடி வியர்த்து வழிவது, தட்டின் விளிம்பைத் தாண்டித் தொங்கும் துணித்துண்டு வழியே சொட்டுவது என்று மூன்று வழிகளில் அது வரும். கீழே சொல்வதெல்லாம் இந்த மூன்றையும் அடைப்பதற்குத்தான். கன்றுக்கும் இதுவே நல்லது. வீட்டுக்குள் போட்ட கன்று தண்ணீர் இல்லாமல் சாவதைவிடத் தண்ணீர் கூடிச் சாவதே அதிகம்.

பலகை எதனால் ஆனது?

விதை வாங்குவதற்கு முன் யன்னல் பலகையின் கீழ்ப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். இங்கே பல வீடுகளில் இருப்பது வெள்ளைப் பெயின்ற் அடித்த எம்.டி.எஃப். பலகை. மேலே வழுவழுப்பாக இருக்கும். பெயின்ற் படாத கீழ் விளிம்பில் மண்ணிறமாக, அட்டை போலத் தெரியும். இது மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்தது. தண்ணீர் குடித்தால் நார் விரிந்து ஊதும். காய்ந்த பிறகும் பழைய தடிப்புக்குத் திரும்பாது. தண்ணீர் உள்ளே போவதும் பெரும்பாலும் மேற்பரப்பால் அல்ல, முன் விளிம்பாலும் மூலைப் பொருத்தாலும்தான். பைன் மரப் பலகை இதைவிடப் பொறுக்கும். கறை விழும், ஆனால் காய்ந்தால் ஓரளவு பழைய நிலைக்கு வரும். சில வீடுகளில் பலகையே இல்லாமல் சுவரின் டிறைவோல் (கடதாசி ஒட்டிய ஜிப்சம் அட்டை) அப்படியே மடிந்து யன்னலோடு சேரும். அதுதான் எல்லாவற்றிலும் மோசம். டிறைவோலின் மேற்தாள் கடதாசி. ஈரக் கடதாசியில் பூஞ்சணம் பிடிக்க இரண்டு நாள் போதும். கொண்டோக்களில் மாபிள் இருந்தால் ஊதாது, ஆனால் பசளைத் தண்ணீர் வட்டம் வட்டமாகக் கறை போடும். கல்லும் சுவரும் சேரும் இடுக்கால் தண்ணீர் உள்ளே இறங்கவும் செய்யும்.

டிறைவோல் விளிம்பில் தட்டு வைக்கவே வேண்டாம். யன்னலுக்கு முன்னால், பலகையின் உயரத்துக்கு ஒரு சின்ன மேசையோ ஸ்ரூலோ போடுங்கள். எம்.டி.எஃப். பலகைக்கும் இது நல்ல யோசனைதான், ஏனென்றால் இங்கே யன்னல் பலகைகள் பெரும்பாலும் 10 முதல் 15 சென்ரிமீற்றர் அகலம். கடையில் விற்கும் வழக்கமான நாற்றுத் தட்டு 25 சென்ரிமீற்றர் அகலம், 50 நீளம். அதைப் பலகையில் வைத்தால் பாதி வெளியே நிற்கும்; பிளைன்ட்ஸை இழுக்கும்போது கயிறு பட்டாலே போதும், முழுவதும் தரையில்.

பேஸ்மென்ற் யன்னலை நம்பாதீர்கள். உயரத்தில் சின்னதாக இருக்கும் அந்த யன்னலால் வரும் வெளிச்சத்தில் கன்று நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும். அங்கே இருப்பவர்கள் ஒரு மேசைக்கு மேல் நாலடி எல்.ஈ.டி. லைற்றைத் தொங்கவிட்டு, கன்றின் நுனியிலிருந்து 5 முதல் 10 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்து, நாளுக்கு 14 முதல் 16 மணித்தியாலம் எரியவிடுவது நல்லது. யன்னல் பலகைப் பிரச்சினையும் அதோடு முடிந்தது.

விதை முளைக்க யன்னல் தேவையில்லை

கத்தரியும் மிளகாயும் முளைக்கக் கேட்பது 25 முதல் 30 பாகை செல்சியஸ் சூடு. வெளிச்சம் முளை வந்த பிறகுதான் வேண்டும். மார்ச் இரவில் யன்னலோரம் 15 பாகைக்குக் கீழே போகலாம்; அந்தக் குளிரில் ஈர மண்ணுக்குள் கிடக்கும் விதை முளைக்காமல் அழுகும். அதனால் முளைக்கும்வரை கோப்பைகளைக் குசினியில் சூடான ஒரு மூலையிலோ நாற்றுக்கென்று விற்கும் சூட்டு விரிப்பின் மேலோ வையுங்கள். தக்காளி 5 முதல் 8 நாள், கத்தரி 7 முதல் 10 நாள், மிளகாய் 10 நாளிலிருந்து மூன்று கிழமைவரை எடுக்கும். முதல் முளை வளைந்து தலை தூக்கிய அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் தண்டு நீண்டுவிடும்.

கனடாவில் விடுமுறை நாளான விக்ரோறியா தினம் மே 25க்கு முந்திய திங்கள். தோட்டக்காரர் பலர் அந்த வாரவிறுதியில்தான் நடுவார்கள், ஆனால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் இரவு 10, 12 பாகைக்குக் கீழே போகாத நாட்கள் வேண்டும். யூன் முதற்கிழமை என்றாலும் குற்றமில்லை. அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மிளகாய் மார்ச் நடுவில், கத்தரி மார்ச் கடைசியில், தக்காளி ஏப்ரல் முதற்கிழமையில். பாகல், புடோல், பீர்க்கு எல்லாம் ஏப்ரல் கடைசிக்கு முன் வேண்டாம். அவை நாலு கிழமையில் கொடி விட்டு பிளைன்ட்ஸில் சுற்றிக்கொள்ளும், வேரைக் குழப்பினால் கோபிக்கும். முளைக்கீரையை யூனில் நேரே நிலத்தில் தூவினால் போதும். அதற்கு யன்னலை மினக்கெடுத்த வேண்டியதில்லை. பெப்ரவரியிலேயே தொடங்குவதால் கன்று பெரிதாகிறது என்பதைவிட, பலகை இன்னும் ஒரு மாதம் ஈரத்தில் இருக்கிறது என்பதே உண்மை.

தட்டும் கோப்பையும்

பலகைக்குப் பொருத்தமான தட்டு 12 முதல் 15 சென்ரிமீற்றர் அகலம், 50 சென்ரிமீற்றர் நீளம், குறைந்தது 3 சென்ரிமீற்றர் உயர விளிம்பு, அடியில் துளை இல்லாதது. பூச்சாடி வரிசைக்கு அடியில் வைக்கும் நீளத் தட்டு என்று கேட்டால் கிடைக்கும். மேசையில் வைப்பதென்றால் குளிர்காலத்தில் வாசலில் பூட்ஸ் கழற்றி வைக்கும் பிளாஸ்ரிக் தட்டைவிடத் திறமான பொருள் கிடையாது. தடித்தது, அகலமானது, உருகும் பனியைத் தாங்கவென்றே செய்தது.

டொலர் கடை அலுமினியத் தட்டுகளில் மடிப்பு மூலையில் ஊசித்துளை இருக்கும். மெல்லிய கறுப்பு நாற்றுத் தட்டுகள் இரண்டாம் வருடம் மூலையில் வெடிக்கும். எதை வாங்கினாலும் 1 சென்ரிமீற்றர் தண்ணீர் ஊற்றி, உலர்ந்த பத்திரிகைத் தாளின் மேல் இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் அந்தத் தட்டு குப்பைக்கு.

சுட்ட களிமண் தட்டு பார்க்க அழகு, ஆனால் மினுக்கம் பூசாத களிமண் வழியே ஈரம் கசிந்து கீழே வரும். பலகையில் வட்டமான கறை விழுவது பெரும்பாலும் இதனால்தான். முட்டை அட்டைப்பெட்டி, கடதாசிக் கோப்பை, பீற் (சதுப்பு நிலத்து மக்கிய பாசி) கோப்பை எல்லாம் தண்ணீரை உறிஞ்சிப் பக்கவாட்டால் காற்றில் விடும், தட்டுக்கு வெளியே முட்டினால் பலகையிலும் விடும். பழைய யோகட் கோப்பைகளே போதும். 200 மில்லி லீற்றர் கோப்பையின் அடியில் சூடாக்கிய ஆணியால் 4 மில்லிமீற்றரளவில் நாலு துளை போடுங்கள். நடுவில் ஒரே ஒரு துளை போட்டால் அது தட்டோடு ஒட்டி அடைபடும், விளிம்போரமாகப் போடவேண்டும்.

தட்டை நேரே பலகையில் வைக்கக் கூடாது. நாலு மூலைக்கும் நடுவுக்கும் தண்ணீர்ப் போத்தல் மூடிகளைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் தட்டை வையுங்கள். ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி கிடைத்தால் காற்று போய்வரும், கசிவு இருந்தால் குனிந்து பார்த்தே கண்டுபிடிக்கலாம். பாதுகாப்பென்று துவாயோ ரப்பர் விரிப்போ போடுகிறவர்கள் ஈரத்தைப் பலகையோடு சேர்த்துக் கட்டிவைக்கிறார்கள்.

மண்ணைச் சிங்கிலேயே நனையுங்கள்

உலர்ந்த பீற் கலவை தண்ணீரை ஏற்காது. கோப்பையில் உலர்ந்த கலவையை நிரப்பி மேலே ஊற்றினால் தண்ணீர் ஓரத்தால் வழிந்து அடித் துளையால் வெளியே ஓடும். நடுவில் தூசி பறக்கும். இது நடப்பது பலகையில் என்றால் முதல் நாளே வெள்ளம்.

12 கோப்பைக்கு ஏறக்குறைய இரண்டரை லீற்றர் விதை போடும் மண்கலவை தேவை. அதை வாளியில் கொட்டி, சூடான தண்ணீர் அரை லீற்றர் விட்டுப் பிசைந்து அரை மணித்தியாலம் வையுங்கள். பிறகு ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். உருண்டை உடையாமல் நின்று, விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் பதம். ஒழுகினால் கூடிவிட்டது, இன்னும் கொஞ்சம் உலர்ந்த கலவை சேருங்கள். தும்புச்சோற்றுக் கட்டி பாவித்தால் 650 கிராம் கட்டிக்குச் சுமார் 4 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். தோட்டத்து மண்ணை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கோப்பைக்குள் இறுகிவிடும், தண்ணீர் வடியாது.

இந்த ஈரக் கலவையை நிரப்பி, கோப்பைக்கு இரண்டு விதை, 5 மில்லிமீற்றர் ஆழத்தில் போட்டு மூடினால் முளைக்கும்வரை ஊற்ற வேலையில்லை. மேலே பிரியாணிப் பெட்டியின் தெளிந்த மூடியோ பிளாஸ்ரிக் தாளோ போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும். மேல்மண் வெளிறினால் ஸ்பிறே போத்தலால் இரண்டு தரம் அடியுங்கள். அதையும் சிங்குக்கு மேல் வைத்துச் செய்யுங்கள், யன்னலருகில் அடித்தால் பாதி கண்ணாடிச் சட்டத்தில்தான் போய் விழும். முளை வந்ததும் மூடியை எடுத்துவிடவேண்டும். மூடியை விட்டுவைத்தால் தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் நூல்போல மெலிந்து கன்று சரியும். அதுதான் நாற்றழுகல். வந்தபின் மருந்து இல்லை. சரிந்ததை எறிந்துவிட்டு மற்றவற்றுக்குக் காற்றாடி போடுவதுதான் வழி.

ஊற்றும் அளவு

அளவு தெரியாமல் பூவாளியால் ஊற்றும் பழக்கத்தை வீட்டுக்குள் விட்டுவிடுங்கள். அளவுக் கோடு போட்ட ஒரு போத்தல் போதும். கணக்கு இதுதான்: 15க்கு 50 சென்ரிமீற்றர் தட்டில் 1 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 750 மில்லி லீற்றர். 12 கோப்பைக்கு ஒருமுறை தேவைப்படுவது 300 மில்லி லீற்றர். கோப்பைகளின் அடி இடத்தை அடைப்பதால் அது 6 மில்லிமீற்றரளவு உயரும். வீட்டில் இன்னொருவர் தெரியாமல் இரண்டாம் தரம் ஊற்றினாலும் 3 சென்ரிமீற்றர் விளிம்பைத் தாண்டாது. விளிம்பு உயர்ந்த தட்டு வாங்கச் சொன்னது இந்த இரண்டாம் ஆளுக்காகத்தான்.

மேலே ஊற்றாமல் தட்டின் ஒரு மூலையில் ஊற்றுங்கள். துளை வழியே கலவை மேலே இழுத்துக்கொள்ளும். அரை மணித்தியாலம் கழித்துத் தட்டில் மிச்சம் நின்றால் பேப்பர் துவாயால் ஒற்றியெடுங்கள், அல்லது சமையலுக்குப் பாவிக்கும் உறிஞ்சு குழாயால் இழுத்துவிடுங்கள். நிறைந்த தட்டைத் தூக்கிச் சிங்குக்குக் கொண்டுபோக முயலாதீர்கள். மெல்லிய தட்டு நடுவில் வளைந்து இரு பக்கமும் கொட்டும். தூக்கவேண்டி வந்தால் அடியில் ஒரு பலகையோ பேக்கிங் தட்டோ கொடுத்துத் தூக்குங்கள்.

எப்போது ஊற்றுவது என்பதை நாட்காட்டி சொல்லாது. நனைத்த உடனே ஒரு கோப்பையைக் கையில் எடுத்து அதன் பாரத்தை நினைவில் வையுங்கள். பிறகு காலையில் ஒன்றிரண்டைத் தூக்கிப் பாருங்கள். வெறுங்கோப்பை போல இலேசாகத் தெரிந்தால் ஊற்றலாம். இன்னும் பாரமாக இருந்தால் மேல்மண் காய்ந்திருந்தாலும் விடுங்கள். மார்ச்சில் நாலைந்து நாளுக்கு ஒருமுறை, மே வெயிலில் ஒன்றுவிட்டு ஒருநாள் என்று வரும். காலையில் ஊற்றினால் இரவு குளிருக்குள் மேல்மண் காய்ந்துவிடும். மண்ணில் சின்னக் கறுப்பு ஈக்கள் பறக்கத் தொடங்கினால் நீங்கள் கூட ஊற்றுகிறீர்கள் என்று அர்த்தம்.

திரியால் தண்ணீர் இழுக்கும் முறையில் ஒரு பொறி இருக்கிறது. பருத்தித் திரியோ உறிஞ்சு விரிப்போ தட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கினால், அதன் நுனி தட்டுத் தண்ணீரின் மட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை அது சொட்டுச் சொட்டாகத் தட்டையே காலி செய்யும். சத்தமும் வராது. காலையில் தட்டு உலர்ந்திருக்கும், பலகையின் முன்விளிம்பில் தண்ணீர் கோர்த்து நிற்கும். தட்டுக்குள் விரிப்புப் போட்டால் சுற்றிவர ஒரு சென்ரிமீற்றர் சிறிதாக வெட்டுங்கள். துடைக்க எடுத்த துணியைத் தட்டின் விளிம்பில் மடித்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இரண்டாவது சோடி இலை வந்த பிறகு, பக்கெற்றில் சொன்ன அளவில் நாலிலொரு பங்கு கரைத்த பசளைத் தண்ணீரை வாரம் ஒருமுறை கொடுக்கலாம். நீலநிறப் பசளை வெள்ளைப் பெயின்ற்றில் பட்டால் கறை போகாது. வேறு அறையில் கரைத்துக் கொண்டுவாருங்கள்.

கண்ணாடியின் வியர்வை

வெளியே சைபருக்குக் கீழே, உள்ளே 21 பாகை, பக்கத்தில் பன்னிரண்டு ஈரக் கோப்பைகள். விடிகிற நேரம் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வியர்த்து, தண்ணீர் சட்டத்துக்கும் பலகைக்கும் இடையிலான பொருத்தில் போய் நிற்கும். ஒரு துளிகூட நீங்கள் ஊற்றாமலே பலகை ஊறுவது இப்படித்தான். தட்டைக் கண்ணாடியிலிருந்து 3 சென்ரிமீற்றராவது தள்ளி வையுங்கள், கண்ணாடியில் இலை முட்டக் கூடாது. இரவில் பிளைன்ட்ஸை முழுக்க இறக்காமல் அடியில் ஒரு சாண் விட்டால் அறைக்காற்று கண்ணாடியைத் தொட்டுக் காயவைக்கும். ஈரப்பத அளவி ஒன்று பெரிய விலை இல்லை. கடுங்குளிர் நாளில் உள்ளே ஈரப்பதம் 30 முதல் 40 வீதத்தைத் தாண்டினால் கண்ணாடி வியர்க்கும் என்று எதிர்பாருங்கள், ஈரப்பதம் கூட்டும் கருவி ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள். அப்படியும் வியர்த்தால் காலையில் துடைப்பதைத் தவிர வழியில்லை.

இழுத்துத் திறக்கும் வைனில் (பிளாஸ்ரிக்) யன்னலின் கீழ்த்தண்டவாளத்தில் தண்ணீர் வெளியே போகச் சின்னத் துளைகள் உண்டு. மண்ணும் கலவையிலுள்ள வெள்ளை பேர்லைற் மணிகளும் விழுந்து அவை அடைபட்டால், வெளியே போகவேண்டிய தண்ணீர் உள்ளே ஏறும். கிழமைக்கு ஒருமுறை வக்கியூம் பிடியுங்கள். சொந்த வீடென்றால் பலகைக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள வெடிப்பைத் தெளிந்த சிலிக்கோனால் அடைக்கலாம், ஆனால் அந்தத் துளைகளில் சிலிக்கோன் படக் கூடாது.

யன்னலுக்குக் கீழே மின் ஹீற்றர் இருந்தால் அந்த யன்னலை மறந்துவிடுங்கள். ஒரு தட்டுத் தண்ணீர் அதற்குள் கொட்டினால் வருவது கறையோடு முடியாது. தரையில் சூட்டுக்காற்று வரும் துவாரம் இருந்தால் காற்றைத் திருப்பும் பிளாஸ்ரிக் மூடியைப் பொருத்துங்கள். அல்லாவிட்டால் கோப்பைகள் ஒரே நாளில் காய்ந்து, நீங்களும் கூடக் கூட ஊற்றத் தொடங்குவீர்கள். லைற், சூட்டு விரிப்பு வயர்கள் பிளக்குக்குப் போகும் முன் பிளக்கைவிடக் கீழே ஒரு வளைவு தொங்கவேண்டும். வயர் வழியே வரும் துளி அந்த வளைவில் விழுந்துவிடும், பிளக்குக்குள் போகாது.

பாகல் விதையின் ஓடு தடிப்பு. நுனியை நகவெட்டியால் சற்றே நறுக்கி, இரவு முழுக்க ஊறவைத்து, ஈரப் பேப்பர் துவாயில் சுற்றி, சிப் பையில் போட்டுச் சூடான இடத்தில் வையுங்கள். முளை தெரிந்ததும் 2 சென்ரிமீற்றர் ஆழத்தில் கோப்பையில் வைத்தால், இரண்டு கிழமை மண்ணை ஈரமாக வைத்துக் காத்திருக்கும் வேலை இல்லை. வெண்டியையும் இப்படிச் செய்யலாம்.

வெளியே பழக்கும் கிழமை

மே நடுவில் கன்றுகளை வெளியே கொண்டுபோய்ப் பழக்குவீர்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டி 7 முதல் 10 நாள். பலகை கடைசியாக நனைவது இந்தக் கிழமையில்தான், ஏனென்றால் மழையில் நனைந்த கோப்பையை மாலையில் அவசரமாக உள்ளே கொண்டுவந்து பழைய இடத்தில் வைப்பீர்கள். வெளியே வைக்கும்போது துளையுள்ள தட்டில் வையுங்கள். உள்ளே எடுக்கும் முன் பத்து நிமிடம் வடியவிட்டு, கோப்பையின் அடியைத் துடைத்து, துளையில்லாத தட்டுக்கு மாற்றுங்கள். இரவு 12 பாகைக்கு மேல் என்றால் உள்ளே எடுக்காமல் கராஜில் விடுவது இன்னும் சுலபம்.

நனைந்துவிட்டால்

எல்லாவற்றையும் பலகையிலிருந்து எடுத்து, துடைத்து, சாதாரண காற்றாடியை அதன் பக்கம் திருப்பி ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். சூட்டுக் காற்றுக் கருவியைப் பிடித்தால் பெயின்ற் கொப்பளிக்கும். முன்விளிம்பின் அடியையும் கீழ்ச்சுவரையும் விரலால் அழுத்திப் பாருங்கள். சுவர் மெத்தென்று உள்ளே போனால் டிறைவோல் ஊறிவிட்டது. இரண்டு நாளில் இறுகாவிட்டால் அந்தத் துண்டை வெட்டி மாற்றத்தான் வேண்டும், மேலே பெயின்ற் அடித்து மறைத்தால் பூஞ்சணம் பின்னால் வளரும்.

ஊதிய எம்.டி.எஃப். விளிம்பு நன்றாகக் காய ஒரு கிழமைக்கு மேல் விடுங்கள். பிறகு மேட்டை மணல்தாளால் தேய்த்துச் சமப்படுத்தி, எண்ணெய் அடிப்படையிலான பிறைமரை (பெயின்ற்றுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சை) இரண்டு பூச்சு, கீழ் விளிம்பிலும் சேர்த்து அடித்து, அதன் மேல் பெயின்ற் அடியுங்கள். தண்ணீர் அடிப்படையிலான பிறைமரை வெறும் நாரில் பூசினால் நார் மறுபடி எழும்பும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் மார்ச்சில் முதல் தட்டை வைக்கும் முன்பே பலகையையும் கீழ்ச்சுவரையும் திகதி தெரியப் படமெடுத்து வையுங்கள். சுவர் மெத்தென்று போனால் நீங்களே வெட்டாமல் வீட்டுக்காரருக்கு அன்றைக்கே சொல்லுங்கள்.